ரிப்போர்ட்டில் இருக்கும் 30 சதவீதம்

கேள்வி: எங்கள் மகளுக்கு நான்கு வயது முடியப்போகிறது. பிறந்தபோது கைகள் இறுக மூடி, விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. ரத்தப் பரிசோதனையில் 30 செல்களில் 9 செல்களுக்கு மட்டும் 18ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருந்ததால், மொசைக் வகை எட்வர்ட்ஸ் நோய்க்குறி என்றும், ஒரு வயதைத் தாண்டுவது கடினம் என்றும் சொன்னார்கள். இப்போது கையைப் பிடித்துக்கொண்டால் நடக்கிறாள். குழைத்த சாதம் சாப்பிடுகிறாள். 30 சதவீதம் என்பது குறைவுதானே? எத்தனை ஆண்டுகள் இருப்பாள்? இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அந்த 30 சதவீதம் உங்கள் மகளின் ரத்தச் செல்களைப் பற்றியது மட்டுமே. மூளையிலும் இதயத்திலும் கூடுதல் குரோமோசோம் உள்ள செல்கள் எத்தனை என்பதை அது காட்டாது. தோல் செல்களை எடுத்துப் பார்த்தால் வேறு எண் வரக்கூடும். ரத்தத்தில் விகிதம் குறைவாக இருந்தும் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகள் இருக்கிறார்கள். அதேபோல, இயல்பான அறிவுத்திறனுடன் வளர்ந்து, அடிக்கடி கருச்சிதைவு ஏற்பட்ட பிறகோ, எல்லாச் செல்களிலும் கூடுதல் குரோமோசோம் உள்ள முழு வகை எட்வர்ட்ஸ் பாதிப்புடன் ஒரு குழந்தை பிறந்த பிறகோதான் தமக்கே மொசைக் நிலை (சில செல்களில் மட்டும் கூடுதல் குரோமோசோம்) இருப்பதை அறிந்த பெண்களைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. ஆகவே அந்த எண்ணை வைத்து ஆறுதல் அடையவும் வேண்டாம், அஞ்சவும் வேண்டாம்.

ஒரு வயது என்ற கெடுவைப் பெற்றோரிடம் மேல்விளக்கம் இல்லாமல் சொல்லிவிடும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1991 முதல் 2012 வரை பிறந்த, டிரைசோமி 18 (எட்வர்ட்ஸ் நோய்க்குறியின் இன்னொரு பெயர்) உள்ள 254 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2016இல் வெளியானது. அதில் ஓராண்டைக் கடந்தவர்கள் 12.6 சதவீதம், பத்தாண்டு வரை இருந்தவர்கள் 9.8 சதவீதம். அதாவது, முதலாண்டைத் தாண்டியவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் பத்து வயதையும் எட்டியிருக்கிறார்கள். எட்வர்ட்ஸ் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இருப்பது முழு வகை என்பதால், இக்கணக்கை உங்கள் மகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. மொசைக் வகையில் பொதுவாக ஆயுள் இதைவிடக் கூடுதல், வளர்ந்து பெரியவர்களானவர்களும் உண்டு. ஆனால் இத்தனை ஆண்டுகள் என்று ஒரு எண்ணை யாராலும் தர முடியாது.

ஆயுளைப் பெரிதும் தீர்மானிப்பவை இதயமும் மூச்சும் உணவும்தான். இதய அறைகளுக்கிடையே துளை இருக்கிறதா, நுரையீரலில் ரத்த அழுத்தம் கூடியிருக்கிறதா என்பதை எக்கோ எனப்படும் இதய ஸ்கேன் மூலம் இதயநோய் மருத்துவர் தொடர்ந்து பார்த்துவர வேண்டும். சாப்பிடும்போது அடிக்கடி புரை ஏறினாலோ, சளி நெஞ்சில் இறங்கினாலோ தள்ளிப்போடாதீர்கள். செவி, கண், முதுகெலும்பு வளைவு ஆகியவற்றையும் ஆண்டுதோறும் பரிசோதியுங்கள். பிசியோதெரபியை நிறுத்த வேண்டாம்.

பல பெற்றோருக்குச் சொல்லப்படாத ஒன்று உண்டு. டிரைசோமி 18 உள்ள குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தில் வில்ம்ஸ் கட்டி என்னும் புற்றுநோயும், கல்லீரலில் ஹெபட்டோபிளாஸ்டோமா என்னும் புற்றுநோய்க் கட்டியும் வரும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட அதிகம். வில்ம்ஸ் கட்டி இவர்களிடம் வழக்கமான வயதைவிடத் தாமதமாகவும் தலைகாட்டும் என்பதால், நான்கு வயதாகிவிட்டதே என்று அசட்டையாக இருக்கக் கூடாது. மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பது பற்றி உங்கள் குழந்தைநல மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். கட்டி சிறிதாக இருக்கும்போதே தெரிந்தால் சிகிச்சை எளிது.

அடுத்த குழந்தையைப் பொறுத்தவரை, மொசைக் நிலை பெரும்பாலும் கருத்தரித்த பிறகு செல் பிரிதலில் நேரும் பிழையால் வருவது. மீண்டும் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. இருந்தாலும் மேலே சொன்ன பெண்களைப் போலப் பெற்றோரில் ஒருவருக்கே அந்நிலை இருக்கலாம் என்பதால், கருத்தரிக்கும் முன்பே இருவரும் மரபியல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். கர்ப்ப காலத்தில் தாயின் ரத்தத்தில் செய்யும் என்ஐபிடி பரிசோதனை நஞ்சுக்கொடியிலிருந்து வரும் டிஎன்ஏவையே அளக்கிறது, குழந்தையின் செல்களை நேரடியாக அல்ல; அதில் சந்தேகம் எழுந்தால், பனிக்குட நீரை எடுத்துப் பரிசோதித்து உறுதிசெய்த பிறகே எந்த முடிவையும் எடுக்க வேண்டும்.