இசை தயாரிப்புக்கும் மேடைக்கும் சேர்த்து ஒரே லேப்டாப்: மேக்கா, விண்டோஸா?

மேடைதான் முக்கியம் என்றால் மேக். ஒலியைக் கையாளும் கோர் ஆடியோ என்ற மென்பொருள் சிஸ்டத்திலேயே இருப்பதால், பெரும்பாலான ஆடியோ இன்டர்ஃபேஸ்கள் (மைக்கையும் கருவிகளையும் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டிகள்) சொருகியதும் வேலை செய்யும். இசை தயாரிக்கும் லாஜிக் ப்ரோவும் மேடையில் வாசிப்பதற்கான மெயின்ஸ்டேஜும் விண்டோஸில் கிடையாது.

விண்டோஸில் இன்டர்ஃபேஸுக்கென்றே வரும் ஏஸியோ டிரைவரை (தாமதம் குறைவாக ஒலியைக் கடத்தும் மென்பொருள்) போடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (ஒரு தடவையில் பிராசஸர் தயார் செய்யும் ஒலித்துண்டு) 128 சாம்பிள் என்றால் சுமார் 2.7 மில்லிசெகண்ட்தான் அவகாசம். அதற்குள் வைஃபை டிரைவர் குறுக்கே வந்து பிராசஸரைப் பிடித்துக்கொண்டால், பிராசஸர் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் 'டப்'பென்று சத்தம் உடையும். லேட்டன்சிமான் என்ற சோதனை மென்பொருளை ஓடவிட்டு எந்த டிரைவர் என்று கண்டுபிடியுங்கள். வாசிக்கும்போது வைஃபையை அணையுங்கள். பவர் செட்டிங்கில் சும்மா இருக்கும் யூஎஸ்பி கருவியைத் தூங்கவைக்கும் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' வசதியையும் நிறுத்துங்கள்.

மிக்ஸிங் மட்டும் என்றால் விண்டோஸ் தாராளமாகப் போதும், அங்கே ஒலி கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை என்பதால் பஃபரை 1024க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

எதை வாங்கினாலும், தயவுசெய்து, நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம் சிஸ்டம் அப்டேட் பக்கமே போகாதீர்கள்.