ஆறு வயது மகனின் பி.எம்.ஐ. 18.6, கணிப்பான் ‘இயல்பு’ என்கிறது. நம்பலாமா?

நம்ப வேண்டாம். உங்கள் மகனின் உயரம் 116 செ.மீ., எடை 25 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ., அதாவது உடல் நிறை குறியீடு, 18.6 வருவது சரிதான். ஆனால் 18.5 முதல் 25 வரை இயல்பு என்பது வளர்ந்தவர்களுக்கு வகுத்த எல்லை. அதைக் குழந்தைக்குப் பொருத்தக் கூடாது.

குழந்தைகளுக்கு ஊட்டச்சத்து ஆலோசனை சொல்வது என் தொழில். இந்தக் குழப்பத்துடன் வரும் பெற்றோரை அடிக்கடி பார்க்கிறேன். பிறந்த முதல் ஆண்டில் ஏறும் பி.எம்.ஐ., குழந்தை நடந்து ஓடத் தொடங்கிய பின் மெல்லக் குறைந்து, ஐந்து ஆறு வயதில் மிகக் கீழே வந்து, அதன் பிறகு பருவ வயது முழுவதும் மீண்டும் ஏறுகிறது. ஆகவே ஒரே எண் ஒவ்வொரு வயதிலும் வேறு பொருள் தருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட 5 முதல் 19 வயதுக்கான அட்டவணையில், 18.5 என்பது ஆறு வயதுச் சிறுவனுக்கு உடற்பருமன் தொடங்கும் கோடு. பத்து வயதில் அதுவே அதிக எடையின் தொடக்கம். பதினைந்து வயதிலோ முற்றிலும் இயல்பான எண். பெண் குழந்தைகளுக்கு அட்டவணையே தனி. உங்கள் மகன் வயதுச் சிறுவர்களின் நடு அளவு சுமார் 15.3 என்பதையும் சேர்த்துப் பார்த்தால் நிலைமை விளங்கும்.

இந்தியக் குழந்தைகளுக்கு இன்னும் ஒரு காரணத்தால் கவனம் தேவை. அதே பி.எம்.ஐ. உள்ள ஐரோப்பியர்களைவிட நம்மவர்களின் உடலில் கொழுப்பின் பங்கு அதிகம் என்பதால், இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடங்களில், வளர்ந்தவர்களின் 23, 27 ஆகிய அளவுகளுக்கு இணையான கோடுகளே அதிக எடைக்கும் உடற்பருமனுக்கும் எல்லைகளாக உள்ளன.

இருப்பினும் ஒரே ஒரு அளவை வைத்து எதையும் முடிவு செய்துவிடாதீர்கள். உயரத்தை வர்க்கப்படுத்துவதால் அளவுப் பிழையும் பெரிதாகிறது, 2 செ.மீ. குறைத்து அளந்தாலே 18.6 என்பது 19.2 ஆகிவிடும். காலணியைக் கழற்றி, குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நிற்க வைத்து மீண்டும் அளந்து பாருங்கள். தடுப்பூசி அட்டையிலும் பள்ளிப் பரிசோதனைக் குறிப்பிலும் உள்ள பழைய அளவுகளைத் திரட்டி, ஒரே வரைபடத்தில் புள்ளிகளாகக் குறியுங்கள். ஒரு கோட்டை ஒட்டியே வந்த குழந்தையைவிட, நடுக்கோட்டில் இருந்து ஓரிரு ஆண்டுகளில் மேல் கோடுகளைத் தாண்டிய குழந்தையைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். மூன்று நான்கு வயதிலேயே பி.எம்.ஐ. ஏறத் தொடங்கியிருந்தால், பின்னாளில் உடற்பருமனுக்கான வாய்ப்பு கூடுதல்.

இதற்காகக் குழந்தையைப் பட்டினி போடவோ, அவன் காதுபட ‘குண்டு’ என்று சொல்லவோ வேண்டாம். இந்த வயதில் பெரும்பாலும் எடையைக் குறைக்க வேண்டியதில்லை; எடை ஏறும் வேகத்தை மட்டுப்படுத்தினால், உயரம் கூடக் கூட பி.எம்.ஐ. தானாகவே இறங்கும். வரைபடத்துடன் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். அப்போது உயரக் கோட்டையும் தவறாமல் காட்டுங்கள்: மிகுதியாக உண்பதால் எடை கூடும் குழந்தை வழக்கமாக வயதுக்கேற்ற உயரத்துடனோ அதற்கு மேலோ இருக்கும். எடை ஏறிக்கொண்டே உயரம் மட்டும் தேங்கி நின்றால், தைராய்டு போன்ற சுரப்பிக் கோளாறு உள்ளதா என்று அவர் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.