எலிக்கு வலிநிவாரணி: வெட்டுவதற்கு முன்னரா, பின்னரா?

கேள்வி: ஆய்வுகூட எலிக்குச் சத்திரசிகிச்சை செய்யும்போது வலிநிவாரணியை எப்போது கொடுக்க வேண்டும்? மயக்கத்தில் இருக்கும் எலிக்கு அது எதற்கு?

முன்னரே கொடுங்கள். மயங்கிக் கிடக்கும் எலிக்கு வலி தெரியாது, சரி. ஆனால் வெட்டுப்பட்ட இடத்திலிருந்து நரம்பு வழியே முள்ளந்தண்டு வடத்துக்குச் சேதி போய்க்கொண்டேதான் இருக்கும். காயம் பட்டால் முள்ளந்தண்டு வடமே கூருணர்வு அடைந்துவிடுகிறது என்று 1983இல் வலி ஆய்வாளர் கிளிஃபோர்ட் வூல்ஃப் எலிகளில் காட்டினார். பிறகு இலேசாகத் தொட்டாலும் நோகும். ஐசோஃபுளூரேன் என்ற மயக்க வாயு தூங்க வைக்குமே தவிர வலியை ஆற்றாது. வாயுவை நிறுத்திச் சில நிமிடங்களில் எலி எழும்பிவிடும். அப்போது மருந்து ஏற்கெனவே உடம்பில் இருக்க வேண்டும்.

எவ்வளவு முன்னர் என்பது மருந்தைப் பொறுத்தது. வெட்டும் இடத்தில் போடும் விறைப்பு மருந்துகளில், லிக்னோகெயின் சில நிமிடங்களில் விறைக்க வைக்கும், ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் விட்டுவிடும். பியூபிவகெயின் பிடிக்கக் கொஞ்சம் தாமதம், ஆனால் பல மணித்தியாலம் நிற்கும். உடம்பு முழுக்க வேலை செய்யும் வலிநிவாரணியான பியூப்ரெனோர்ஃபின் ஊசிக்கு அரை மணித்தியாலமாவது விட வேண்டும்.

நான் வன்னியில் ஆடு மாடுகளோடு வேலை செய்பவன். இந்த இடைவெளியைப் பொறுக்க ஆட்களுக்கு மனமில்லை என்பதை அடிக்கடி பார்க்கிறேன். மாங்குளம் பக்கம் நாம்பன் கன்றுக்கு நலமடிக்கப் போனால், விறைப்பூசி போட்ட கையோடு கயிறு பிடித்திருக்கும் ஐயா, "ஊசி போட்டாச்சுத்தானே தம்பி, பிறகென்ன?" என்பார். "கொஞ்சம் பொறுங்கோ ஐயா" என்றுவிட்டு ஊசி நுனியால் தோலைக் குத்திப் பார்ப்பேன். கன்று காலை உதறினால் மருந்து இன்னும் பிடிக்கவில்லை. உதறாமல் நின்றால்தான் இடுக்கியை எடுப்பது.

முன்னரே ஒரு ஊசி போட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். மனிதரில் செய்த பல ஒப்பீடுகளில், வெட்டுக்கு முன் கொடுப்பதற்கும் பின் கொடுப்பதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. விறைப்பு விட்டபிறகும் காயத்தின் அழற்சி இருக்கும். அதற்கு மெலொக்சிகாம் போன்ற அழற்சி தணிக்கும் வலிநிவாரணியைத் தொடர வேண்டும். உங்கள் ஆய்வே அழற்சியைப் பற்றியது என்றால் அந்த மருந்து முடிவை மாற்றிவிடும். அப்போது வேறு மருந்தைத் தேர்ந்தெடுங்கள், வலிநிவாரணியே வேண்டாம் என்று விடாதீர்கள். ஆய்வில் ஒப்பிடும் எல்லா எலிக் குழுவுக்கும் ஒரே மருந்து, ஒரே நேரம்.

அப்புறம், எலி வலியை மறைக்கிற பிராணி. கண் இடுங்கியிருக்கிறதா, காது மடிந்திருக்கிறதா என்று அன்று இரவும் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். அவர் யார், எத்தனை மணிக்கு என்பதையும் ஆய்வுத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.