பழுப்பு கலர் வந்துடுச்சு, ஆனா அது நானோ சில்வர் தானா?

கேள்வி: நியூட்ரியன்ட் பிராத்ல (பாக்டீரியா வளர்க்கிற திரவ ஊடகம்) பேசில்லஸ்ங்கிற பாக்டீரியாவை வளர்த்து, சென்ட்ரிஃபியூஜ்ல சுத்தி, மேல நிக்கிற தெளிவுல 1 மில்லிமோலார் வர்ற மாதிரி சில்வர் நைட்ரேட் சேர்த்தேன். உடனே வெள்ளையா கலங்குச்சு, மறுநாள் பழுப்பாயிடுச்சு, நானோ சில்வர், அதாவது ரொம்ப நுண்ணிய வெள்ளித் துகள், வந்தா இந்தக் கலர்தான்னு சொல்றாங்க. அதே தெளிவை ஸ்டார்ச் பிளேட்ல விட்டு அயோடின் ஊத்துனா நல்ல பெரிய வளையம் தெரியுது, அதாவது ஸ்டார்ச்சை உடைக்கிற அமைலேஸ் என்சைம் அதுல இருக்கு. அமைலேஸ்தான் நானோ சில்வரை உருவாக்குச்சுன்னு தீசிஸ்ல எழுதலாமா?

அவசரப்படாதீங்க. முதல்ல அந்த வெள்ளைக் கலங்கலுக்கு வருவோம். நியூட்ரியன்ட் பிராத்ல வழக்கமா லிட்டருக்கு 5 கிராம் உப்பு இருக்கும், அதாவது சுமார் 85 மில்லிமோலார் குளோரைடு, நீங்க போட்டது 1 மில்லிமோலார் வெள்ளி, அப்போ போட்ட வேகத்துல கிட்டத்தட்ட மொத்தமும் சில்வர் குளோரைடா இறங்கிடும். வெளிச்சம் பட்டா சில்வர் குளோரைடு தானாவே கருக்கும், டெவலப்பர் இல்லாம வெயில்லயே படம் வர்ற அந்தக் காலத்து போட்டோ பேப்பர் வேலை செஞ்சது இப்படித்தான். போதாததுக்கு பிராத்ல இருக்கிற பெப்டோனும் யீஸ்ட் எக்ஸ்ட்ராக்ட்டும் தாங்களே வெள்ளியை ரெட்யூஸ் பண்ணும், அதாவது கரைஞ்சிருக்கிற வெள்ளி அயனியை உலோக வெள்ளியா மாத்தும். நானும் ஆரம்பத்துல ஒரு பழுப்பு ஃபிளாஸ்க்கை தூக்கிட்டு லேப் முழுக்க காட்டினவன்தான், அப்புறம் கல்ச்சரே போடாத பிராத்ல ட்ரை பண்ணா அதுவும் அதே பழுப்பு!

அதனால கன்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்க வைக்கிற சோதனை) இல்லாம எதையும் நம்பாதீங்க. கல்ச்சர் போடாத பிராத்ல சில்வர், வெறும் டிஸ்டில்ட் வாட்டர்ல சில்வர், உங்க தெளிவுல சில்வர், இது ஒவ்வொண்ணையும் இருட்டுல ஒண்ணு வெளிச்சத்துல ஒண்ணுன்னு வைங்க. யுவி-விஸ் (எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுதுன்னு பார்க்கிற கருவி) ஓட்டினா உருண்டையான நானோ சில்வருக்கு 400-லருந்து 450 நானோமீட்டருக்குள்ள ஒரு மேடு வரணும், கலங்கல் மட்டும்னா மேடு இல்லாம சரிஞ்சுகிட்டே போகும். எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரே வெச்சு படிக அமைப்பைப் பார்க்கிற கருவி) கிடைச்சா இன்னும் தெளிவு: 38 டிகிரி பக்கம் பீக் வந்தா வெள்ளி, 32 பக்கம் பெருசா நின்னா குளோரைடு.

மீடியாவையும் மாத்துங்க. உப்பை எடுத்துடுங்க, அமைலேஸுக்கு கால்சியம் வேணும்தான், ஆனா அதை கால்சியம் குளோரைடா போடாம கால்சியம் நைட்ரேட்டா போடுங்க. பாஸ்பேட் பஃபரும் ஆபத்துதான், சில்வர் பாஸ்பேட் மஞ்சளா இறங்கும், அதைப் பார்த்து நானோ வந்துடுச்சுன்னு குதிச்சவங்க உண்டு. குளுக்கோஸ் போடவே வேண்டாம், பேசில்லஸ் அதைத் தின்னுட்டு அமைலேஸ் சுரக்கிறதையே குறைச்சிடும்.

இப்போ அமைலேஸ்தான் காரணமாங்கிற கேள்வி. தெளிவைக் கொதிக்க வெச்சா என்சைம் செத்துடும், அப்புறம் பழுப்பு வருதான்னு பார்த்தா போதும்னு சொல்வாங்க. ஆனா உங்க ஸ்ட்ரெயின் பேசில்லஸ் லைக்கனிஃபார்மிஸ்ங்கிற இனமா இருந்தா அதோட அமைலேஸ் 90 டிகிரியிலயே ஜாலியா வேலை செய்யும், கொதி தண்ணியெல்லாம் அதுக்கு பத்தாது. செத்த புரதம்கூட டைரோசின், சிஸ்டீன் மாதிரி அமினோ அமிலங்களை வெளிய காட்டிகிட்டு வெள்ளியை ரெட்யூஸ் பண்ணலாம், அதனால கொதிக்க வெச்சும் பழுப்பு வந்தா அதை வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. 30 கிலோடால்டன் (மூலக்கூறோட எடையைச் சொல்ற அளவு) ஃபில்டர்ல பிரிச்சுப் பாருங்க. பேசில்லஸ் அமைலேஸ் பெரும்பாலும் 50, 60 கிலோடால்டன் இருக்கும், மேலயே தங்கிடும். தங்குனதை நல்லா கழுவிட்டு, அதுலயும் கீழ வடிஞ்சதுலயும் தனித்தனியா சில்வர் போடுங்க. கீழ வடிஞ்சது பழுப்பானா சின்ன மூலக்கூறு ஏதோ வேலை பார்க்குதுன்னு அர்த்தம். மேல உள்ளது மட்டும் பழுப்பானாலும் அதுல புரோட்டியேஸ் (புரதத்தை உடைக்கிற என்சைம்) மாதிரி வேற புரதமும் சேர்ந்தே கிடக்கலாம், அமைலேஸைத் தனியா பியூரிஃபை பண்ணாம பேர் சொல்லி எழுதாதீங்க.

அமைலேஸ் ஆக்டிவிட்டி அளக்கணும்னா சில்வர் போடுறதுக்கு முன்னாடியே ஒரு பங்கு எடுத்து ஃப்ரிட்ஜ்ல வெச்சிடுங்க, சில்வர் பட்டா என்சைம் படுத்துக்கும்.