தனியாகப் பயணம் போகும்போது நகரத்தில் எந்தப் பகுதியில் தங்குவது நல்லது?

வாடகையைப் பார்ப்பதற்கு முன், இரவு பத்து மணிக்கு ரயில் நிலையத்திலிருந்து அறைக்கு எந்த வழியாக நடப்பீர்கள் என்று பாருங்கள். கூகுள் வரைபடத்தின் தெருக்காட்சியில் அந்த வழியிலேயே போய்ப் பார்க்கலாம்: தெருவிளக்குகள் உண்டா, வீட்டு வாசல்கள் தெருவைப் பார்த்திருக்கின்றனவா, அல்லது நீளமான மதில்சுவர்தானா? படம் எடுத்த ஆண்டையும் கவனியுங்கள். அவை பெரும்பாலும் பகல் படங்கள் என்பதால், விடுதியின் விமர்சனங்களில் ‘இரவு’, ‘சத்தம்’ என்று தேடிப் படிப்பது அவசியம்.

அலுவலகப் பகுதிகள் மாலைக்குப் பின் வெறிச்சோடிவிடும். மதுக்கூடத் தெருக்களில் தூக்கம் வராது. நகர மையம்தான் வேண்டும் என்ற பிடிவாதமும் வீண். குடும்பங்கள் வசிக்கிற, மெட்ரோவுக்கு நடந்தே போகக்கூடிய பகுதியைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். முதல் இரண்டு இரவுகளுக்கு மட்டும் முன்பதிவு செய்தால், பிடிக்காவிட்டால் மாறிக்கொள்ளலாம்.