ஓப்பன் சோர்ஸுக்குப் புதிதாக வருகிறவருக்கு முதலில் என்ன வேலை கொடுப்பீர்கள்?

கேட்டவர் சில கல்லூரி மாணவர்களுக்கு வழிகாட்ட நினைக்கிறாராம். முதல் வேலையாக ஆவணத்தில் எழுத்துப்பிழை திருத்தச் சொல்லலாமா, இல்லை நேரே கோடு (நிரல்) எழுதச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறார். என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டாம், டெஸ்ட் எழுதச் சொல்லுங்கள், அதாவது மென்பொருள் சரியாக வேலை செய்கிறதா என்று ஓட்டிப் பார்த்துச் சொல்லும் சின்ன நிரல். எழுத்துப்பிழை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், திருத்தியவருக்குத் திருத்துவதற்கு முன்னால் தெரியாத எதுவும் அதற்குப் பிறகும் தெரிந்திருக்காது. கோடு என்றால் பத்து வருஷமாக யாரோ கட்டிவைத்த வீட்டில் எந்தச் சுவரை இடிக்கலாம் என்று முதல் நாளே கேட்பது மாதிரி.

நான் பங்களிப்பது டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில். 1993-ல் தொடங்கிய திட்டம், உபுண்டு இதன் மேல்தான் நிற்கிறது, 60,000-க்கும் மேற்பட்ட தொகுப்புகள் (நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள்கள்) இருக்கின்றன, பார்த்துக்கொள்பவர்களில் பெரும்பாலோர் வேலை முடிந்து வந்து ராத்திரி உட்காருகிற தன்னார்வலர்கள். ஒரு தொகுப்பின் மூல நிரலில் 'டெபியன்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் 'டெஸ்ட்ஸ்' என்று இன்னொன்றைப் போட்டு, 'கன்ட்ரோல்' என்ற கோப்பில் எந்த ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும், அதற்கு முன் என்னென்ன நிறுவியிருக்க வேண்டும் என்று நாலு வரி எழுதினால் போதும். ஆட்டோ பேக்கேஜ் டெஸ்ட் என்ற கருவி ஒரு சுத்தமான சிஸ்டத்தில் தொகுப்பை நிறுவி அந்த ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்க்கும். மென்பொருளை எழுதியவரே வைத்திருக்கும் டெஸ்ட் வேறு, இது வேறு. சமையல்காரர் அடுப்படியில் உப்புப் பார்ப்பது அது. பந்தியில் உட்கார்ந்து, இலையில் விழுந்ததைச் சாப்பிட்டுப் பார்ப்பது இது.

ஒப்புக்குச் செய்கிற வேலையும் இல்லை. புதிய பதிப்புகள் முதலில் வரும் அன்ஸ்டேபிள் கிளையிலிருந்து, அடுத்த வெளியீடு உருவாகும் டெஸ்டிங் கிளைக்குப் போக ஒரு தொகுப்பு வழக்கமாக 5 நாள் காத்திருக்கும். டெஸ்ட் பாஸ் ஆனால் அதில் 3 நாள் குறையும். முன்பு பாஸ் ஆன டெஸ்ட் இப்போது ஃபெயில் என்றால் தொகுப்பு அங்கேயே நின்றுவிடும். 2018-லிருந்துதான் இந்த முடிவுகளுக்கு மரியாதை வரத் தொடங்கியது. நேற்று வந்த ஒருவர் எழுதிய பத்து வரி ஸ்கிரிப்ட், முகம் தெரியாத ஒரு பழைய பெருந்தலையின் அப்லோடை நிறுத்தி வைக்க முடியும்!

சரி, நடந்ததைச் சொல்கிறேன். 2023 செப்டம்பரில் கொச்சியில் டெபியனின் ஆண்டு மாநாடான டெப்கான்ஃப் நடந்தது, இந்தியாவில் அதுதான் முதல் தடவை. அங்கே பழக்கமான ஒருவர் மூலம் கொஞ்ச நாள் கழித்து ஒரு பெண் என்னிடம் வந்தார். பி.இ. கடைசி வருஷம், 4 ஜிபி ராம் உள்ள லேப்டாப். க்யூஎமுவில் மெய்நிகர் இயந்திரம் போட்டால் ஃபேன் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்குமாம். சரி, அதை விடும்மா, சல்சாவில் தள்ளிவிடு, அங்கே உள்ள சிஐ கட்டி ஓட்டிப் பார்த்துச் சொல்லும் என்றேன். (சல்சா என்பது டெபியனுடைய கிட்லேப், அதாவது நிரலை வைத்து எல்லோரும் சேர்ந்து திருத்தும் தளம். சிஐ என்பது தள்ளியதைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் வசதி.) ஆரம்பத்தில் நான் "சார்". நாலாவது நாள் "அண்ணா" ஆனேன், அப்போதுதான் கேள்விகளே வர ஆரம்பித்தன. "சார்" இருந்த வரைக்கும் "புரிந்தது சார்" மட்டும்தான்.

உயிரியல் தரவுக் கோப்புகளைப் படிக்கும் ஒரு சின்னப் பைதான் நூலகத்தைக் கொடுத்தேன். அதோடு வரும் கட்டளையை 'வெர்ஷன்' ஆப்ஷனுடன் ஓட்டி, பாஸ் என்று அனுப்பினார். எல்லோரும் முதலில் இதைத்தான் எழுதுவார்கள், நானும் எழுதியிருக்கிறேன். இப்படிப்பட்ட டெஸ்டுக்கு 'சூப்பர்ஃபிஷியல்', அதாவது மேலோட்டமானது, என்று ஒரு குறிச்சொல்லே டெபியனில் உண்டு. அதைப் போட்டால் பாஸ் ஆனாலும் கணக்கில் சேராது, நாளும் குறையாது. வெர்ஷன் எண்ணைத் தெரிந்துகொள்ளவா யாராவது இதை நிறுவுகிறார்கள் என்று கேட்டேன். சிரிக்கிற பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

இரண்டாவது தடவை நன்றாகவே எழுதியிருந்தார். மூலத்தோடு வரும் பைடெஸ்ட் (பைதானுக்கான டெஸ்ட் கருவி) கோப்புகளை அப்படியே ஓட்டும் ஸ்கிரிப்ட், 14 டெஸ்ட், பதினான்கும் பச்சை, அதாவது பாஸ். பாராட்டிவிட்டு ஒன்று சொன்னேன்: இப்போது தொகுப்பை நீக்கிவிட்டு அதே ஸ்கிரிப்டை உன் லேப்டாப்பில் கையால் ஓட்டிப் பார். அஞ்சு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் "அண்ணா, பேக்கேஜே இல்ல, ஆனா பாஸ் ஆகுது" என்று வந்தது.

காரணத்தைச் சொல்ல எனக்குக் கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். பைதான் எந்தக் கோப்பை எடுக்கிறது என்று அச்சிட்டுப் பார் என்று மட்டும் சொன்னேன். இருபது நிமிஷத்தில் அவரே பிடித்துவிட்டார். ஸ்கிரிப்ட் மூலக்கோப்புகள் இருக்கும் இடத்திலிருந்து ஓடுகிறது, பைதான் நிற்கிற இடத்தில்தான் முதலில் தேடும், அதனால் நிறுவிய நூலகத்தை அது தொடவே இல்லை. பந்தியில் உட்கார்ந்துகொண்டே அடுப்படிச் சட்டியில் கை விட்டிருக்கிறோம். டெஸ்ட் கோப்புகளை மட்டும் ஆட்டோ பேக்கேஜ் டெஸ்ட் தருகிற தற்காலிக ஃபோல்டருக்கு நகலெடுத்து, அங்கே போய் ஓட்ட வேண்டும். வேலை இரண்டே வரி.

தொகுப்பைத் திரும்ப நிறுவி அந்த இரண்டு வரியைச் சேர்த்து ஓட்டினால் மூன்று டெஸ்ட் சிவப்பு, அதாவது ஃபெயில். நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன் என்று பதறினார். தப்பு அவருடையது இல்லை. நூலகத்துக்குத் தேவையான ஒரு ஜேசான் தரவுக் கோப்பு தொகுப்புக்குள் போகவே இல்லை. நிறுவியவர்கள் யாருக்குமே அந்த மூன்று வசதிகள் வேலை செய்திருக்காது. தொகுப்பைக் கட்டும்போது ஓட வேண்டிய டெஸ்டுகளை எப்போதோ யாரோ அணைத்து வைத்திருந்ததால் அங்கேயும் மாட்டவில்லை. முதல் பங்களிப்பிலேயே ஒரு நிஜப் பிழை! அந்த 14 பச்சையோடு நாங்கள் அனுப்பியிருந்தால் அது உள்ளேயே கிடந்திருக்கும்.

இதிலிருந்து என் வழக்கம் ஒன்று உறுதியானது. புதியவர் எந்த டெஸ்ட் கொண்டுவந்தாலும் அதைச் சிவப்பாக்கிக் காட்டச் சொல்வேன். எதை உடைத்தால் இது ஃபெயில் ஆகும்? உடைத்துப் பார்த்தாயா? இந்த இரண்டைத் தவிர முதல் மாதம் வேறு பெரிதாக நான் கேட்பதில்லை.

எல்லாவற்றையும் கண்டுபிடிக்க விடவும் கூடாது. டெஸ்ட் சரியாக ஓடியும், ஸ்கிரிப்ட் ஸ்டாண்டர்ட் எரரில் (பிழைச் செய்திகளுக்கான தனி வெளியீட்டு வழி) ஒரு எச்சரிக்கை வரி எழுதியதற்காக மட்டும் ஃபெயில் என்று வரும். இது இந்தக் கருவியின் இயல்பு, கன்ட்ரோல் கோப்பில் ஒரு வார்த்தை போட்டு அனுமதித்தால் தீர்ந்தது. இதில் போய் ஒரு பிள்ளையை இரண்டு நாள் முட்டிக்கொள்ள விடுவதில் என்ன கல்வி இருக்கிறது? நேரே சொல்லிவிட வேண்டும். யோசித்தால் பிடிபடுவதற்குக் குறிப்பு, தெரிந்திருந்தால்தான் உண்டு என்பதற்கு விடை. இந்த இரண்டையும் பிரிக்க எனக்கே பல வருஷம் பிடித்தது.

கெடுத்ததையும் சொல்ல வேண்டும். இவருக்கு முன்னால் ஒரு தம்பி வந்தான், நல்ல துடிப்பு. அவனுடைய முதல் மெர்ஜ் ரிக்வெஸ்டில் (மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் விண்ணப்பம்) ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து 27 கருத்து எழுதினேன். இடைவெளி, கோப்பின் பெயர், மாற்றத்தோடு எழுதும் கமிட் செய்தியின் நீளம், எல்லாம் சரியான கருத்துதான், ஒன்றைக்கூட இப்போதும் திரும்பப் பெற மாட்டேன். அவன் பதில் போடவே இல்லை. மூன்று வாரம் கழித்து நான் தனியாக எழுதிய மெயிலுக்கும் பதில் இல்லை. இப்போது ஒரு தடவைக்கு மூன்று கருத்துக்கு மேல் எழுதுவதில்லை, மீதி அடுத்த சுற்றுக்கு. இடைவெளியை நானே திருத்திவிடுகிறேன்.

காத்திருப்பதைப் பற்றியும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அந்தப் பெண்ணின் திருத்தத்தைத் தொகுப்பின் பராமரிப்பாளருக்கு அனுப்பி 19 நாள் பதில் இல்லை. தினமும் காலையில் "அண்ணா, பிடிக்கலையோ?" எனக்குத் தெரியும், அந்த மனிதர் ஊருக்குப் போயிருப்பார், இல்லை பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கும். புதியவருக்கு அது தெரியாது, மௌனத்தை மறுப்பு என்றுதான் எடுத்துக்கொள்வார். அந்த நாட்களில் அவருக்கு இரண்டாவது தொகுப்பைக் கொடுத்துவிட்டேன்.

இருபதாவது நாள் சேர்த்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து வந்த திருத்தத்தைச் சேர்க்கும்போது தொகுப்பின் சேஞ்ச்லாகில் (மாற்றங்களின் பட்டியல்) அனுப்பியவர் பெயரைப் போடுவது வழக்கம், அந்தக் கோப்பு நிறுவுகிற ஒவ்வொரு கணினிக்கும் போகும். பராமரிப்பாளர் தனியாக ஒரு நன்றிக் கடிதமும் எழுதியிருந்தார். இந்தப் பெண், மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கருவியில் தன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரை முழுசாகப் போட்டு வைத்திருந்தார், பராமரிப்பாளர் அதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, "அன்புள்ள திரு" போட்டு அப்பா பெயரைச் சொல்லி நன்றி எழுதியிருக்கிறார். அப்பாவிடம் காட்டினாயா என்று கேட்டேன்.

"காட்டினேன் அண்ணா. நான் எப்போம்மா இதெல்லாம் பண்ணேன்னு கேட்டார்."