அவர் ‘டி’ வகை, நான் ‘எஸ்’ வகை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மேலாளர்களைப் பற்றியவை. எல்லாவற்றுக்கும் சேர்த்து முதல் பதில். புதியவர்களுக்கு: வினாத்தாள் வழியே ஆட்களின் நடத்தையை நான்கு வகையாகப் பிரிக்கும் முறை டிஸ்க். டி முடிவை விரட்டுபவர், ஐ பேசிப் பழகுபவர், எஸ் நிதானமாக ஒத்துப்போகிறவர், சி துல்லியம் பார்த்து அலசுபவர்.

கேள்வி: என் மேலாளர் டி வகை. இரண்டு பக்கம் விளக்கி மின்னஞ்சல் அனுப்பினால் ‘சரி’ என்று ஒரே சொல்லில் பதில் வருகிறது. சில நேரம் அதுவும் இல்லை. என்னை மதிக்கவில்லையா?

இரண்டு பக்கம் எழுதியது யார் குற்றம்? அவர் தேடும் விஷயம் உங்கள் கடைசிப் பத்தியில் கிடக்கிறது. அவரிடமிருந்து உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை முதல் வரியில் எழுதுங்கள். எந்தத் தேதிக்குள் என்பது அடுத்த வரி. பிறகு இரண்டு காரணங்கள் போதும், மீதி இணைப்பில் இருக்கட்டும். ‘சரி’ என்று வந்தால் சம்மதம் கிடைத்தது என்று எடுத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள்.

அது இருக்கட்டும், அவர் டி வகை என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? அவர் வினாத்தாளை நிரப்பினாரா, நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்களா? வேலை தலைக்கு மேல் இருக்கும் எவரும் ஒரு சொல்லில்தான் பதில் போடுவார்கள். நடத்தையைப் பாருங்கள், ஆள் மேல் எழுத்தை ஒட்டாதீர்கள்.

கேள்வி: டிஸ்க், எம்பிடிஐ, ஐந்து பெருங்கூறுகள். இவற்றில் எது சிறந்தது?

எதற்கு என்று சொல்லாமல் கேட்டால் என்ன பதில் சொல்வது? குழுவுக்குள் பேச்சைத் தொடங்கி வைக்க டிஸ்க் போதும். அரை நாளில் எல்லோருக்கும் புரிந்துவிடும். ஆய்வு வலு அதிகம் உள்ளது, ஆளுமையை ஐந்து கூறுகளாக அளக்கும் ஐந்து பெருங்கூறுகள் மாதிரி. ஆனால் அதில் வகைகளே கிடையாது, ஒவ்வொரு கூறிலும் நீங்கள் அளவுகோலின் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பது மட்டுமே தெரியும். பெரும்பாலோர் நடுவில்தான் நிற்கிறார்கள். ஆளுக்கு நான்கு எழுத்து கொடுக்கும் எம்பிடிஐ, ஒவ்வோர் எழுத்துக்கும் அந்த நடுவில் கோடு கிழித்து ஆட்களை இரண்டு பக்கமாகப் பிரிக்கிறது. அதனால் சில வாரங்கள் கழித்து மறுபடி எழுதினால், சில ஆய்வுகளின்படி, ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஓர் எழுத்தாவது மாறிவிடுகிறது. ஆள் மாறவில்லை, கோட்டைத் தாண்டிவிட்டார், அவ்வளவுதான்.

கேள்வி: ஐ வகைச் சக ஊழியர் எல்லாவற்றையும் வாய்மொழியாகவே முடிவு செய்கிறார். பிறகு ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்கிறார்.

பேசி முடித்ததும் நீங்களே நான்கு வரியில் எழுதி அனுப்பி, தவறிருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: எஸ் வகை ஊழியர் ஒருவர் கூட்டத்தில் வாயே திறப்பதில்லை. முடிந்த பிறகு தனியே வந்து குறை சொல்கிறார்.

தனியே வந்தாவது சொல்கிறாரே! பேசப்போகும் விஷயங்களை முந்தின நாளே அனுப்பி, எழுத்தில் கருத்துக் கேளுங்கள். கூட்டத்தில் முதலில் நீங்கள் பேசாதீர்கள். தலைவர் கருத்துச் சொன்ன பிறகு அதற்கு எதிராகப் பேசப் பலருக்கும் மனம் வராது, இதில் எஸ், சி என்ற பேதமில்லை. ‘நீங்கள் ஏன் எதுவும் சொல்லவில்லை?’ என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிடாதீர்கள்.

கேள்வி: குழுத் தலைவர் பதவிக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். டிஸ்க் அறிக்கைகளை இணைத்திருக்கிறேன். யார் பொருத்தம் என்று சொல்ல முடியுமா?

முடியாது. நான்கு பேரின் அறிக்கைகளையும் பெயரோடு ஒரு வெளியாளுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அவர்களிடம் அனுமதி கேட்டீர்களா? படிக்காமலே அழித்துவிட்டேன்.

ஆள் தேர்வுக்கு இந்த அறிக்கைகள் உதவாது என்று எத்தனை முறை எழுதினாலும் மறுபடி கேட்கிறார்கள். டிஸ்க்கின் மூலக் கருத்தை வில்லியம் மார்ஸ்டன் 1928-இல் வெளியிட்டார். (வொண்டர் வுமன் என்ற சித்திரக்கதை நாயகியை உருவாக்கியவரும் இவர்தான்.) இயல்பான மனிதர்களின் உணர்ச்சிகளை விளக்குவதே அவர் நோக்கம். வினாத்தாள்களை உருவாக்கியவர்கள் பின்னால் வந்த வேறு ஆட்கள். எம்பிடிஐயை வெளியிடுபவர்களே, ஆள் தேர்வுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறார்கள்.

காரணம் எளிது. வினாத்தாளை நிரப்புவது பதவியை எதிர்பார்க்கும் ஆள். ‘பொறுப்பேற்கத் தயங்குவேன்’ என்ற கட்டத்தில் அவர் குறி போடுவாரா? இன்னொன்று, இந்த அறிக்கைகள் ஒருவருக்கு எது பிடிக்கும் என்று சொல்லும், எது வரும் என்று சொல்லாது. பேசப் பிடித்தவரெல்லாம் நன்றாகப் பேசுபவர் அல்லர். ஐந்து கூறுகளில் பெரும்பாலான வேலைகளோடும் தொடர்பு காட்டுவது பொறுப்புணர்வு. அந்த ஒட்டுறவும் சுமார் 0.2 அளவில்தான் (முழுத் தொடர்பு என்றால் 1). ஒருவரின் பிழைப்பைத் தீர்மானிக்க இது போதாது.

‘அறிக்கையைப் படித்தால் அப்படியே அந்த ஆள்தான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் எல்லோருக்கும், யாருக்கும் பொருந்தக்கூடிய ஒரே விவரிப்பைக் கொடுத்து, ‘இது உங்களுக்கென்றே தயாரித்தது’ என்றார். எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு மாணவர்கள் சராசரியாக ஐந்துக்கு நான்குக்கும் மேல் மதிப்பெண் போட்டார்கள். 1949-இல் வெளியான ஆய்வு அது.

எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில் ஒவ்வொருவர் மேசையிலும் அவர் வகையைக் காட்டும் வண்ண அட்டை வைத்தார்கள். சில மாதங்களில் ‘அவர் நீலம், அவரிடம் போனால் வேலை நகராது’ என்று ஒதுக்கத் தொடங்கினார்கள். கணக்கில் இருந்த பெரிய ஓட்டையை அந்த நீலக்காரர்தான் முதலில் பார்த்திருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

நால்வருக்கும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள், ஒரே மாதிரி வேலையைக் கொடுத்துப் பாருங்கள். கடந்த இரண்டு ஆண்டுகளில் என்ன செய்தார்கள் என்று உடன் இருந்தவர்களிடம் விசாரியுங்கள். பழைய பல்லவிதான்: நடத்தையைப் பாருங்கள்.

கேள்வி: நான் டி வகை. அதனால் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிடுவேன். என் குழு இதைப் புரிந்துகொள்ள மறுக்கிறது.

நன்றாகவே புரிந்துகொண்டிருக்கிறது. போய் மன்னிப்புக் கேளுங்கள்.

கேள்வி: குழுவில் ஆறு பேரும் சி வகை. அலசி அலசியே நாள் போகிறது. டி வகை ஒருவரைச் சேர்க்கட்டுமா?

முதலில் ஒழுங்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். யார் முடிவெடுப்பது, எந்த நாளில், எவ்வளவு தகவல் வந்தால் போதும் என்று எழுதி வையுங்கள். குழு வேலையை ஆய்ந்த பெல்பின் என்பவர், ஒரு குழுவுக்குத் தேவை என்று சொன்ன ஒன்பது பங்குகளில் ஒருவரே இரண்டு மூன்றை ஏற்கலாம். இருக்கும் ஆறு பேரில் ஒருவரிடம் கெடுவைக் காக்கும் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் ஐந்து நிமிடத் தேர்வு எழுதினேன், ஐ என்று வந்தது. என் நண்பர் எஸ் என்கிறார். பிறந்த தேதியும் இணைத்திருக்கிறேன். என் வகையைச் சொல்லவும்.

பிறந்த தேதி எதற்கு? அது வேறு துறை. உங்களோடு வேலை செய்யும் இருவரிடம், ‘என்னிடம் எதைச் சொல்லத் தயங்குகிறீர்கள்?’ என்று கேளுங்கள். அவர்கள் பதில் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள்.